குளிர் காலத்தில் பெரியவர்களுக்கு உடுத்திவிடுவது எப்படி?



நாங்கள் பிறந்து வளர்ந்தது அம்பாறைக் கரையோரத்துப் பாலமுனையில். அங்கே மார்கழி என்றால் மழைதான். குளிர் என்றால் ஒரு சாரத்தை எடுத்துப் போர்த்தினால் போதும். நுவரெலியாப் பக்கம் அப்படியா? நகரம் இருப்பதே சுமார் 1,868 மீட்டர் உயரத்தில். சனவரி, பெப்ரவரி விடியற்காலையில் உறைபனி விழுந்து கொழுந்தே கருகிப்போகிறது. அப்படியென்றால் காம்பிராவில் படுத்திருக்கும் தாத்தா, பாட்டியின் நிலை என்ன?

பாரிசவாதம் வந்த எங்கள் வாப்பாவை ஒரு வருடம் இங்கே கூட்டிவந்து வைத்திருந்தோம். குளிருமே என்று இரண்டு சுவெட்டரை இறுக்கிப் போட்டுவிட்டோம். விடிந்து பார்த்தால் கால் ஐஸ் மாதிரி. இரவிலேயே சாரம் நனைந்திருக்கிறது. "ஏன் வாப்பா கூப்பிடல்ல?" என்று கேட்டோம். "நீ வேலைக்குப் போற புள்ள, தூங்கட்டும் எண்டு இருந்தன்" என்றார். அன்று படித்த பாடத்தைத்தான் இங்கே எழுதுகிறோம்.

ஏன் குளிர்கிறது?

துணி தானாகச் சூடு தருவதில்லை. உடம்பின் சூட்டில் துணிகளுக்கு இடையே இருக்கும் காற்று சூடாகிறது. அதுதான் நம்மைக் காக்கிறது. இறுக்கிப் போட்டால் காற்றுக்கு இடமில்லை, இரத்த ஓட்டமும் குறையும். ஈரத்துணியோ உடம்புச் சூட்டை இழுத்துவிடும். வயதானவர்களுக்குக் குளிர் சீக்கிரம் தெரியாது, நடுக்கமும் குறைவு. அதனால் அவர்கள் சொல்லட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

உடுத்திவிடும் முறை

1. துணிகளை முன்கூட்டியே எடுத்துவைத்து, கதவைச் சாத்திவிட்டு ஆரம்பியுங்கள். மேலும் கீழும் ஒரே நேரத்தில் கழற்ற வேண்டாம்.

2. உள்ளே மெல்லிய காய்ந்த பெனியன், அதன்மேல் தளர்வான சட்டை, கடைசியில் சுவெட்டர். முன்பக்கம் பொத்தான் உள்ளது நல்லது.

3. பாரிசவாதம் உள்ளவருக்குப் போடும்போது வழங்காத கை முதலில். கழற்றும்போது நல்ல கை முதலில். வழங்காத கையைப் பிடித்து இழுக்காதீர்கள்.

4. தலைக்குத் தொப்பி அல்லது மப்ளர், காலுக்குத் தளர்வான மேஜோடு. மேஜோட்டுடன் வழுக்கும் சீமெந்துத் தரையில் நடக்கவிட வேண்டாம்.

5. பாயில் படுப்பவருக்குக் கீழேயும் ஒரு கம்பளியை மடித்துப் போடுங்கள். தரையின் குளிர் கீழிருந்துதான் ஏறும்.

6. இரவில் ஒரு தடவை எழும்பி, துணி நனைந்திருக்கிறதா என்று கையை வைத்துப் பாருங்கள்.

செய்யக்கூடாதவை

பூட்டிய காம்பிராவில் கரிச்சட்டி வைத்துத் தூங்காதீர்கள்; அதிலிருந்து வரும் நச்சு வாயுவுக்கு மணமில்லை, ஆளையே கொன்றுவிடும். சாராயம் சூடு தருவதுபோல இருக்கும், உண்மையில் உடம்புச் சூட்டை வெளியேற்றிவிடும். சுடுதண்ணிப் போத்தலைத் துணி சுற்றாமல் வைக்காதீர்கள். சீனி வருத்தம் உள்ளவர்களுக்குக் கால் சுட்டாலும் தெரியாது.

பேச்சு குளறுகிறதா, ஆள் மயங்கினாற்போல இருக்கிறாரா, வயிறுகூடச் சில்லென்று இருக்கிறதா? உடம்புச் சூடு 35 பாகைக்குக் கீழே போயிருக்கலாம். ஈரத்தை மாற்றிக் கம்பளியால் சுற்றி, உடனே 1990 சுவசெரிய இலவச அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

நாளைக் காலை கொழுந்துக்குப் போகுமுன் பெரியவரின் காலை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். அவர் வாய் திறந்து சொல்லமாட்டார். உங்கள் கைக்குத் தெரியும்.