டோனி செத்தாரா, இல்லையா?

‘தி சோப்ரானோஸ்’ தொடரை இப்போதுதான் பார்த்து முடித்தேன். கடைசியில் திரை சட்டென்று இருண்டுவிட்டது. நாயகன் டோனி இறந்துவிட்டாரா, இல்லையா?
– ஒரு வாசகி, திருச்சி

இறந்துவிட்டார் அம்மா. உங்கள் டி.வி.யில் கோளாறு எதுவும் இல்லை. கடைசிப் பகுதி ஒளிபரப்பான 2007 ஜூன் 10 அன்று அமெரிக்காவில் பார்த்த பலரும் கேபிள்தான் போய்விட்டது என்று பதறினார்கள்.

அந்தக் கடைசி உணவகக் காட்சியை மறுபடி பாருங்கள். கதவு மணி ஒலிக்கிறது, டோனி நிமிர்கிறார், அவர் பார்ப்பதை நாமும் பார்க்கிறோம். மனைவி வரும்போதும் இப்படித்தான். கடைசி மணிக்கும் நிமிர்கிறார். அடுத்து மகள் மெடோ தெரிய வேண்டும், வருவது இருட்டு. அவர் கண்ணில் இனி எதுவும் தெரியாது என்பதே அதன் பொருள். சற்றுமுன் கழிவறைக்குள் போன ஆளையும் மறக்காதீர்கள், சுட்டது அவனாக இருக்கலாம். சாகும்போது சத்தம்கூடக் கேட்காது போலிருக்கிறது என்று டோனியின் மைத்துனர் பாபி படகில் சொன்னது, கடைசிக்கு முந்தைய பகுதியில் திரும்ப வந்ததே, அது இதற்காகத்தான்.

தொடரை உருவாக்கிய டேவிட் சேஸ் பல வருடம் பிடிகொடுக்கவில்லை. 2019-இல் வெளியான நூலில் இருக்கும் பேட்டியில், தன்னை மறந்து அதை மரணக் காட்சி என்றே சொல்லிவிட்டார்.