பந்து போட வந்தவர்

கேள்வி: ஸ்காட்லாந்து கிரிக்கெட்டில் நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒருவர்?

பதில்: கேலம் மெக்லியாட். கிளாஸ்கோ பிள்ளை. வந்தது வேகப்பந்து வீச்சாளராக. பந்து வீசும்போது கை மடங்குகிறது என்று புகார் எழ, வீச்சுக்கே தடை விழுந்தது. பலருக்கு அதோடு கதை முடிந்திருக்கும். இவர் மட்டையைப் பிடித்துக்கொண்டு முன்வரிசைக்கு வந்துவிட்டார்!

2018 மார்ச்சில் உலகக்கோப்பைத் தகுதிச் சுற்று. எதிரே ஆப்கானிஸ்தான்; அதன் ரஷீத் கான், முஜீப் இருவரின் சுழலுக்கு உலகமே தடுமாறிய நேரம். மெக்லியாட் ஸ்வீப், ரிவர்ஸ் ஸ்வீப் என்று மாற்றி மாற்றி ஆடி 157 அடித்து, கடைசிவரை அவுட் ஆகவில்லை. ஆனாலும் ஸ்காட்லாந்துக்கு உலகக்கோப்பை வாய்ப்பு கிடைக்கவில்லை. பத்தே அணிகள் என்று ஐசிசி சுருக்கியது அநியாயம் என்பேன்.

அதே ஆண்டு ஜூன் 10, எடின்பரோ. அப்போது உலகின் முதல்நிலை அணியாக இருந்த இங்கிலாந்துக்கு எதிராக 94 பந்தில் 140, அதுவும் நாட் அவுட். ஸ்காட்லாந்து 371, ஆறு ரன்னில் வெற்றி. இங்கிலாந்தின் மார்க் உட்டின் காலடியில் ஸ்காட்லாந்து வீச்சாளர் ஷெரீஃப் இறக்கிய யார்க்கர்தான் கடைசி விக்கெட். மெக்லியாட் 2022-இல் ஓய்வு பெற்றார்.