சிறுநீர்ப்பை நீக்கம்: இருமுறைகளின் செலவு

தசையளவும் ஊடுருவிய சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு அப்பையையே முற்றும் நீக்குதல் தலையாய சிகிச்சைகளுள் ஒன்றாம். நீக்கியபின், சிறுகுடலின் ஒரு கூற்றைக்கொண்டு சிறுநீர் செல்லுதற்குப் புதுவழி அமைப்பர். இதனைச் செய்யும் முறை இரண்டு. அடிவயிற்றை நீளக் கீறித் திறந்து கையாற் செய்வது ஒன்று. சிறு துளைகளின் வழியே கருவிகளைச் செலுத்தி, மருத்துவர் சற்று விலகியமர்ந்து ரோபோக் கைகளை இயக்கிச் செய்வது மற்றொன்று. இவற்றுள் செலவு மிக்கது யாது, அம்மிகைச் செலவு தகுமோ என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் பயனை நோக்குவாம். அமெரிக்காவில் 15 மருத்துவ நிலையங்களில் நடைபெற்று 2018-இல் வெளியான ஆராய்ச்சியில், நோய் வளராது ஈராண்டு கடந்தோர் ரோபோ முறையில் நூற்றுக்கு 72.3, திறந்த முறையில் 71.6. ஆகவே நோயை வெல்லுதலில் இரண்டும் ஒத்தனவே. வேறுபாடு பிறவற்றில் உளது. இரத்தச் சேதம் முன்னதில் 300 மில்லி லிட்டர் அளவினதாகப் பின்னதில் 700 ஆயிற்று. ஆயின் ரோபோ முறைக்கு ஒரு மணிக்கு மேலும் கூடுதலான நேரம் பிடித்தது.

இனிச் செலவு. ரோபோவின் விலை, அதனை ஆண்டுதோறும் பேணும் செலவு, குறித்த சில முறைக்குமேற் பயன்படாக் கருவிகள், அறுவைக்கூடத்தின் மிகை நேரம் ஆகியன ஒருபால் ஏறும். இரத்தமேற்றல், புண்ணாற்றல், படுக்கை நாள் ஆகியவற்றில் மிச்சமாவது மறுபால் நிற்கும்.

இவ்விரண்டனையும் ஒருங்கே நிறுத்தோர் பிரிட்டானியர். ஆங்கு 9 மருத்துவமனைகளில் 338 நோயாளர்பால் நடந்த ஆராய்ச்சி 2022-இல் வெளியாயிற்று. 90 நாளுள் மருத்துவமனைக்கு வெளியே உயிருடன் கழித்த நாள் ரோபோ முறையில் 82, மற்றதில் 80. புண்ணாலாய இடர் முறையே நூற்றுக்கு 5.6, 17.3. 2023-இல் வந்த செலவுக் கணக்கின்படி, ரோபோ முறைக்கு ஒருவருக்கு ஏறத்தாழ 1,100 பவுன் மிகுதி. அதனாற் பெற்ற நலமோ, முழுச் சுகத்துடன் வாழும் 4 நாளளவே. அவ்வீதப்படி முழுச் சுகத்துடன் ஓராண்டு பெறுதற்கு ஏறத்தாழ 100,000 பவுன் வேண்டும். அந்நாட்டார் அந்நாளில் தக்கதெனக் கொண்ட எல்லையோ 20,000 முதல் 30,000 வரையே.

எனினும் இக்கணக்கு எவ்விடத்தும் ஒருபடித்தாக நில்லாது. ஒரு ரோபோவின் ஆண்டுச் செலவு 300,000 பவுன் எனக் கொள்வோம். ஆண்டிற்கு 100 பேருக்குப் பயன்படின் தலைக்கு 3,000. 300 பேருக்காயின் 1,000. எனவே, பலர்க்கும் பயன்படுமிடத்தில் அதனை வாங்குதல் அறிவுடைமை. பெருமை கருதி வாங்கி வாளா வைத்திருத்தல் பொதுப்பணத்திற்குக் கேடு.

புண் நோவின்றி இருநாள் முன்னர் இல்லம் சேர்தல் நோயாளர்க்குச் சிறிதன்று. அதனை யாமும் எளிதாக எண்ணோம். ஆயினும் ரோபோ இல்லாத ஊரிலே, தேர்ந்த மருத்துவர் கையால் திறந்த முறையிற் சிகிச்சை பெறுவோர், நோய் தீரும் வாய்ப்பிற் பின்தங்கியவரல்லர் என்பதே இவ்வாராய்ச்சிகளால் யாம் பெறும் ஆறுதலாம்.