ஜெனோவாவில் ஒரு பகல்: குடும்பத்தோடு போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

இத்தாலியின் வடமேற்கில், மலைக்கும் கடலுக்கும் நடுவே இடம் போதாமல் மேல்நோக்கி வளர்ந்த துறைமுக நகரம் ஜெனோவா. மிலானிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். உல்லாசக் கப்பலில் வருகிறவர்களுக்கும் பெரும்பாலும் ஒரு பகல்தான் கிடைக்கும். தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி என்று கூட்டமாகப் போகிறவர்கள், ஏறுவதற்கு லிஃப்ட், இறங்குவதற்குக் கால் என்று வைத்துக்கொண்டால் ஊர் சுலபமாகிவிடும்.

1. ரயிலில் வந்தால் ‘பியாட்சா பிரின்சிபே’ நிலையத்தில் இறங்குங்கள். பழைய துறைமுகம் அங்கிருந்து நடக்கிற தூரம்தான், அதுவும் இறக்கமான வழி. பெட்டிகளை நிலையத்திலேயே காசு கட்டி வைத்துவிடலாம்.

2. பழைய நகரத்துச் சந்துகள் சிலவற்றில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். தரை முழுக்கக் கல், நடுநடுவே படி. குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுபோவதைவிட, முதுகிலோ மார்பிலோ கட்டிக்கொள்ளும் பை நல்லது. பெரியவர்களுக்கு வழுக்காத அடிப்பாகம் கொண்ட ஷூ. செருப்பு வேண்டாம்.

3. குழந்தைகள் முதலில் கேட்பது மீன்காட்சியகம்தான். கொலம்பஸ் பயணத்தின் ஐந்நூறாம் ஆண்டையொட்டி 1992ல் திறந்தார்கள்; துறைமுகத்தைச் சீரமைத்தவர் இதே ஊரில் பிறந்த கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ. நுழைவு நேரத்தை இணையத்தில் முன்பதிவு செய்துகொண்டு, வெயில் ஏறும் நண்பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இரண்டு, மூன்று மணி நேரம் போய்விடும்.

4. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தால் கலாட்டா கடல் அருங்காட்சியகம் இன்னும் பொருத்தம். பக்கத்திலேயே தண்ணீரில் மிதக்கும் ‘நசாரியோ சவுரோ’ நீர்மூழ்கிக் கப்பலுக்குள் இறங்கிப் பார்க்கலாம். உள்ளே குனிந்து, ஒடுங்கித்தான் போக வேண்டும். மூட்டு வலி உள்ளவர்கள் வெளியே காபி குடித்தபடி காத்திருப்பது மேல். ஒரே நாளில் மீன்காட்சியகம், அருங்காட்சியகம் இரண்டும் என்று இழுத்துக்கொண்டு போகாதீர்கள், ஒன்று போதும்.

5. இந்த ஊரில் லிஃப்டும் பஸ் மாதிரிப் பொதுப் போக்குவரத்துதான். பியாட்சா போர்தெல்லோவிலிருந்து கஸ்தெல்லெத்தோ லிஃப்டில் ஏறினால், கற்பலகைக் கூரைகளும் துறைமுகமும் காலடியில் தெரியும். காலை வெளிச்சத்தில் படம் எடுக்க நல்ல இடம். பிள்ளைகளுக்குப் பிடிப்பது மோன்தெகல்லெத்தோ லிஃப்ட்: பிரின்சிபே நிலையத்துக்கு அருகே, பால்பி தெருவிலிருந்து கிளம்பும் பெட்டி முதலில் சுரங்கத்துக்குள் ரயில் போல நேராக ஓடும், பிறகு அப்படியே செங்குத்தாக மேலே ஏறும். நடுவில் இறங்கி ஏற வேண்டிய வேலையில்லை. மேலே கப்பல் தலைவர் தால்பெர்தீஸின் கோட்டை வீடு இருக்கிறது. இன்னும் உயரம் வேண்டுமென்றால் லார்கோ செக்காவிலிருந்து ரீகி வரை இழுவை ரயில். எதில் ஏறினாலும் டிக்கெட் விதியை அன்றைக்கு ஒருமுறை பார்த்துவிடுங்கள், அடிக்கடி மாற்றுகிறார்கள்.

6. காலைப் பசிக்கு ஃபொகாச்சா. ஆலிவ் எண்ணெய் ஊறிய தட்டை ரொட்டி, நிறுத்துத் தருவார்கள். உப்புப் பக்கம் நாக்கில் படும்படி கவிழ்த்துச் சாப்பிடுவது உள்ளூர் வழக்கம். காபியில் முக்கியும் தின்கிறார்கள். அதைவிட நமக்கு நெருக்கமானது ஃபாரினாத்தா: கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, இவ்வளவே. அகலமான செம்புத் தட்டில் ஊற்றி விறகு அடுப்பில் சுடுவார்கள். அடை சாப்பிட்டுப் பழகிய நாக்கு மறுக்காது. வீட்டில் செய்து பார்க்க 300 கிராம் மாவுக்கு 900 மில்லி தண்ணீர். கரைத்து நாலைந்து மணி நேரம் ஊறவிட்டு, மேலே படியும் நுரையை எடுத்துவிடுங்கள். உப்பும் தாராளமாக எண்ணெயும் சேர்த்து, ஓவனில் இருப்பதிலேயே அதிகச் சூட்டில் வைக்கவும். மேலே மிளகுத் தூள்.

7. சைவம் சாப்பிடுகிறவர்கள் மூன்றைக் கவனியுங்கள். பெஸ்தோ என்னும் பேசில் இலைச் சட்னியில் போடும் பார்மிஜானோ பாலாடைக்கட்டி கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியால் உறைய வைக்கப்படுவது. சில கடைகளில் ஃபொகாச்சாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு. ‘ஸ்த்ருத்தோ’ உண்டா என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். காய்கறிப் பண்டத்தில்கூட நெத்திலி ஒளிந்திருக்கும்.

8. கொட்டைப் பருப்பு ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு பெஸ்தோ கொடுக்காதீர்கள். பைன் கொட்டை சேர்ந்தது. மலிவான பாட்டில்களில் முந்திரியும் இருக்கும்.

9. உணவகச் சமையலறை பகல் இரண்டரை மணிவாக்கில் மூடினால் இரவு ஏழரைக்குத்தான் திறக்கும். பிள்ளைகளின் பசி அதுவரை தாங்காது. கையில் ஃபொகாச்சா இருக்கட்டும். பில்லில் ‘கொப்பெர்த்தோ’ என்று ஆளுக்குச் சில யூரோ இருந்தால் ஏமாற்று என்று சண்டை போடாதீர்கள். மேசைக்கும் ரொட்டிக்குமான கட்டணம் அது.

10. சான் லோரென்சோ தேவாலயத்துக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடை. பையில் ஒரு துப்பட்டா போதும். உள்ளே ஒரு பீரங்கிக் குண்டை வைத்திருக்கிறார்கள். 1941 பிப்ரவரி 9 அன்று பிரிட்டிஷ் கடற்படை சுட்டபோது கட்டடத்துக்குள் புகுந்து, வெடிக்காமல் கிடந்தது. பிள்ளைகள் ஓவியங்களை மறந்தாலும் இதை மறக்க மாட்டார்கள்.

11. துறைமுகத்துக்கு எதிரே, சுவரெல்லாம் ஓவியம் தீட்டிய மாளிகை பலாட்சோ சான் ஜோர்ஜோ. 1298ல் ஜெனோவாவில் கைதியாக இருந்த மார்க்கோ போலோ தன் பயணக் கதையைச் சக கைதி ருஸ்திகெல்லோவிடம் சொல்ல, அவர் எழுதினார். அந்தச் சிறை இந்தக் கட்டடம்தான் என்பது ஊர்க்கதை. பாண்டிய நாட்டு முத்துக்குளிப்பும் காயல் துறைமுகமும் அந்த நூலில் வருகின்றன என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

12. கொலம்பஸ் வீடு என்று காட்டுவது பின்னாளில் திரும்பக் கட்டியது. வெளியே நின்று ஒரு படம், அவ்வளவுதான். 1543ல் இன்றைய வடிவில் எழுந்த லந்தெர்னா கலங்கரை விளக்கத்தையும் தூரத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். அங்கே போய் வர அரை நாள் செலவாகும்.

13. மாலையில் பஸ் பிடித்து பொக்கதாஸ்ஸே மீனவர் குப்பத்துக்குப் போங்கள். கடற்கரை மணல் இல்லை, கூழாங்கல். குழந்தைகளுக்கு ரப்பர் ஷூ, மாற்று உடை ஒரு செட். ஐஸ்கிரீமை நின்றபடியே வாங்கினால் விலை குறைவு.

14. பெஸ்தோ பாட்டிலைப் பெரிய பெட்டியில், இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வையுங்கள். விமானக் கைப்பைக்கு 100 மில்லி விதி உள்ள இடங்களில் அது இதற்கும் பொருந்தும். வீட்டில் அடுப்பில் வைத்துச் சூடாக்கினால் நிறமும் மணமும் போய்விடும். பாஸ்தா வெந்த நீர் ஒரு கரண்டி விட்டுத் தளர்த்தினால் போதும்.

15. முந்தின நாள் ‘ஷோப்பெரோ’, அதாவது வேலைநிறுத்தம், உண்டா என்று பாருங்கள். வெள்ளிக்கிழமைகளில் அதிகம். வார நாளில் வேலைநிறுத்தம் என்றாலும் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை அத்தியாவசிய உள்ளூர் ரயில்கள் ஓடும். திரும்பும் ரயிலை அதற்குள் வைத்துக்கொள்ளுங்கள்.