குழந்தை வீறிடுகிறது, நாம் யாரைத் திட்டுகிறோம்?

கேள்வி: பிரசவ வார்டில் வேலை பார்க்கிறேன். வலி மாத்திரைப் போதைக்கு அடிமையான ஒரு பெண்ணின் குழந்தை ஓயாமல் அழுகிறது. "பெத்தவ செஞ்ச பாவம்" என்கிறார்கள் உடன் வேலை செய்பவர்கள். நான் என்ன செய்வது?
– ஒரு செவிலியர், திருநீர்மலை

பதில்: பாவமல்ல, சகோதரி. தொப்புள்கொடி வழியே வந்துகொண்டிருந்த மருந்து சட்டென்று நின்றுவிட்டது. கீச்சென்ற அழுகை, கைகால் நடுக்கம், பால் குடிக்கத் திணறல் எல்லாம் அதனால்தான். பெரும்பாலும் முதல் 3 நாட்களில் தெரியும். மருத்துவரின் கண்காணிப்பு கட்டாயம். கூடவே விளக்கைக் குறையுங்கள், துணியில் இதமாகச் சுற்றுங்கள், தாயின் மார்போடு அணைத்து வையுங்கள். அமெரிக்காவில் 26 மருத்துவமனைகளில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், குழந்தை குடிக்கிறதா, தூங்குகிறதா, அணைத்தால் அடங்குகிறதா என்று பார்த்தே பராமரித்தார்கள். வீடு திரும்பத் தயாராகும் காலம் சராசரியாக 15 நாளிலிருந்து 8 நாளாகக் குறைந்தது.

நாம் முகம் சுளித்தால் அந்தத் தாய் அடுத்த பிரசவத்தில் உண்மையை மறைப்பாள்; செக்கப்புக்கே வரமாட்டாள். போதைப் பழக்கமும் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்கீழ் சிகிச்சைக்குரியதுதான். 14446 என்ற இலவச உதவி எண்ணை அவளிடம் கொடுங்கள். "சாப்டியாம்மா?" என்று முதலில் கேளுங்கள்.