தங்கமீனும் தொட்டி நீரும்

இக்காலத்தில் பட்டணங்களில் மாத்திரமன்றிக் கிராமங்களிலும் வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்துத் தங்கமீன் வளர்க்கும் வழக்கம் பரவியிருக்கிறது. திருவிழாக் கடைகளிலும் சந்தைகளிலும் பிளாஸ்டிக் பையில் இட்டு விற்கப்படும் இம்மீன்களைக் குழந்தைகள் ஆசையுடன் வாங்கி வருகின்றனர். அவற்றுள் பல ஒரு மாதம் செல்வதற்குள் இறந்துவிடுகின்றன. தங்கமீனுக்கு ஆயுள் அவ்வளவே என்று வீட்டார் எண்ணி, மறுபடியும் இரண்டு வாங்கி விடுகின்றனர். இவ்வெண்ணம் சரியன்று. நல்ல முறையில் பேணப்படும் தங்கமீன் 10 அல்லது 15 வருஷம் ஜீவிப்பது இயல்பு. இங்கிலாந்தில் 1956-ஆம் வருஷம் ஒரு கண்காட்சியில் பரிசாகக் கிடைத்த மீனொன்று 1999-ஆம் வருஷம் வரை, அதாவது 43 வருஷம், ஒரே வீட்டாரிடம் உயிரோடிருந்தது. ஒரு மாதத்தில் மீன் மடிவதற்குக் காரணத்தைப் பெரும்பாலும் மீனிடத்தில் தேட வேண்டுவதில்லை. அது நீந்தும் நீரில் தேட வேண்டும். அந்நீரில் நிகழ்வது எருக்குழியிலும் வயலிலும் நிகழ்வதேயாதலால், விவசாயிகள் இதனைப் பிறரினும் எளிதாக உணரக்கூடும்.

தங்கமீன் கெண்டை இனத்தைச் சார்ந்தது. இதன் பூர்வீகம் சீன தேசம். அங்கே குளங்களில் வளர்ந்த சாம்பல் நிறமுள்ள மீன்களில் எப்போதேனும் ஒன்று செம்பொன் நிறத்துடன் பிறக்கக் கண்டு, அத்தகையவற்றைப் பிரித்து வளர்த்து, சோங் வம்சத்தார் ஆண்ட காலத்தில் (960–1279) ஒரு தனி வகையாக நிலைநிறுத்தினர். மிங் வம்சத்தார் காலத்தில் வீட்டினுள் பாத்திரங்களில் வளர்க்கும் பழக்கம் உண்டாயிற்று. இரட்டை வாலும் உருண்டை உடலும் உடைய வகைகள் அதன் பின்னரே பெருகின. ஐரோப்பாவுக்கு இம்மீன் 17-ஆம் நூற்றாண்டில் சென்றது. நம் நாட்டில், சென்னையிலுள்ள கொளத்தூர் இத்தகைய அலங்கார மீன்களின் வளர்ப்புக்கும் வியாபாரத்துக்கும் பேர்பெற்ற இடம். பூர்வீகத்தில் குளத்து மீன் என்பதை மறவாதிருந்தால், இதற்கு எவ்வளவு இடம் வேண்டுமென்பது தானே விளங்கும்.

தொட்டி

கடைகளில் விற்கும் உருண்டைக் கண்ணாடிக் கும்பா தங்கமீனுக்கு உதவாது. அதன் வாய் குறுகியது. காற்று நீரில் கலப்பது மேற்பரப்பின் வழியாகவேயாகையால், வாய் குறுகக் குறுக மீனுக்குப் பிராணவாயு குறையும். கொள்ளும் நீரும் சில லிட்டர்களே. இதை வாங்காதிருத்தலே இக்கட்டுரையில் கூறப்படும் யோசனைகளுள் செலவு குறைந்தது. முதல் மீனுக்கு 75 லிட்டரும், மேற்கொண்டு ஒவ்வொரு மீனுக்கும் 40 லிட்டரும் என்று கணக்கிட்டு, உயரத்தைவிட நீளமும் அகலமும் மிகுந்த தொட்டி வைப்பது நலம். கண்ணாடிதான் வேண்டுமென்பதில்லை, நிழலான தாழ்வாரத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டியே போதும். புதிய சிமெண்டு சுண்ணாம்பைக் கக்கி நீரைக் கடுங்காரமாக்கும். ஆகையால் புதுத்தொட்டியில் நீர் நிரப்பிச் சில நாட்களுக்கொருமுறை கொட்டி மாற்றி, இரண்டு மூன்று வாரம் ஊறவைத்த பின்னரே மீனை விடவேண்டும். பூனைக்கும் மீன்கொத்திக்கும் பயந்து மேலே ஒரு வலை கட்டுதல் அவசியம். இவ்வாறு திறந்திருக்கும் தொட்டியில் கொசு முட்டையிடுமே என்ற அச்சம் வேண்டாம். கொசுப்புழு தங்கமீனுக்கு விருப்பமான இரை.

கிராமத்து மேல்நிலைத் தொட்டியிலிருந்து குழாயில் வரும் நீரில் பிளீச்சிங் பவுடரின் குளோரின் கலந்திருக்கும். அது மீனின் செவுளை அரித்துவிடும். அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்துவைத்தால் அது பெரும்பாலும் நீங்கிவிடும். ஆழ்துளைக் கிணற்று நீருக்குக் குளோரின் தோஷம் இல்லையெனினும், பூமிக்குள் அடைபட்டிருந்த நீராதலால் பிராணவாயு மிகக் குறைவு. அதையும் உயரத்திலிருந்து ஊற்றி ஆற்றி, ஒரு நாள் வைத்தே உபயோகிக்க வேண்டும்.

நீரில் நிகழ்வது

மீன் தின்னும் இரையிலுள்ள தழைச்சத்தின் கழிவு, அம்மோனியாவாக அதன் செவுள் வழியே இடைவிடாமல் வெளிப்படுகிறது. மிஞ்சிய இரை அழுகுவதாலும் அதுவே உண்டாகிறது. நீர் தெளிவாக இருக்கும், நாற்றமும் இராது, ஆயினும் மீன் தன் கழிவிலேயே நஞ்சூட்டப்பட்டு நிற்கும். குளத்தில் இந்த அம்மோனியா சேர்வதில்லை. ஏன் சேர்வதில்லை என்பதற்கு விடை முதன்முதல் மண்ணை ஆராய்ந்தவர்களிடமிருந்து வந்தது.

1877-ஆம் வருஷத்தில் பிரான்சு தேசத்தில் ஷ்லேசிங், முன்ட்ஸ் என்னும் இருவர், மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய ஒரு நீண்ட குழாயின் வழியே சாக்கடை நீரை மெல்ல மெல்ல இறங்கவிட்டனர். சுமார் 20 நாட்கள் அம்மோனியா உள்ளே சென்றபடியே வெளியே வந்தது. அதன் பிறகு வெளிவந்த நீரில் நைட்ரேட் தோன்றலாயிற்று. குழாயினுள் குளோரோபார்ம் ஆவியைச் செலுத்தியதும் அம்மாறுதல் நின்றுபோயிற்று. ஆகவே இவ்வேலையைச் செய்தவை உயிருள்ள நுண்ணுயிர்கள் என்பது தெளிவாயிற்று. பின்னர் 1890-ஐ ஒட்டிய வருஷங்களில் வினோகிராட்ஸ்கி என்னும் ருஷிய நிபுணர் அந்நுண்ணுயிர்களைப் பிரித்துக் காட்டினார். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நாம் வயலில் இடும் எருவும் யூரியாவும் நைட்ரேட்டாவது இவற்றாலேயே. மீன்தொட்டியில் இவை நீரில் மிதந்து திரிவதில்லை. அடியிலுள்ள சரளைக்கல், சுவர், வடிகட்டியின் பஞ்சு ஆகியவற்றில் படலமாக ஒட்டி வாழ்கின்றன.

மேற்சொன்ன 20 நாட்களே தங்கமீனின் கண்டம். புதுத்தொட்டியில் நுண்ணுயிர்கள் பெருகி நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரம் ஆகக்கூடும். அதுவரை அம்மோனியா ஏறிக்கொண்டே போகும். அது இறங்கத் தொடங்கும்போது நைட்ரைட் ஏறும். நைட்ரைட் மீனின் இரத்தத்தைக் கபில நிறமாக்கி, பிராணவாயுவை ஏந்திச்செல்லும் சக்தியைக் கெடுத்துவிடும். நீரில் காற்று போதுமான அளவு இருந்தும் மீன் மூச்சுத்திணறும். இச்சமயத்தில் லிட்டருக்கு 1 கிராம் கல்லுப்பு கரைப்பது நைட்ரைட் செவுளினுள் புகுவதைத் தடுக்கும்.

அனுஷ்டிக்க வேண்டுவது யாதெனில்: முதலில் ஒரே மீன், அல்லது இரண்டு சிறு மீன்கள் மட்டும் விடுக. இரையைப் பாதியாகக் குறைத்திடுக. ஒருநாள் விட்டு ஒருநாள் கால்பங்கு நீரை எடுத்து, ஆற வைத்த நீரை ஊற்றுக. நோயற்ற பழைய தொட்டி வைத்திருப்பவர் அண்டையில் இருந்தால், அவரிடமிருந்து ஒரு பிடி சரளையோ வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டோ வாங்கி வந்து, பாலுக்கு உறைமோர் இடுவதுபோலப் புதுத்தொட்டியில் இட்டால் காலம் பெரிதும் சுருங்கும். மீன் விற்கும் கடைகளில் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் அளக்கும் துளிக் கரைசல்கள் கிடைக்கின்றன. மண் பரிசோதனை செய்து உரமிடுவோர் இதன் உபயோகத்தை அறியாதவரல்லர்.

தொட்டி நிலைகொண்ட பின்னர் நேரும் தீங்கு பெரும்பாலும் சுத்தத்தினால் வருவது. ஞாயிறுதோறும் நீர் முழுவதையும் கொட்டி, கல்லையும் பஞ்சையும் குழாய் நீரில் தேய்த்துக் கழுவி, புதுநீர் நிரப்புவோர் பலர். இவர்கள் வாரந்தோறும் தொட்டியைப் புதிதாக்கி, வாரந்தோறும் மேற்சொன்ன கண்டத்தைத் தொடங்கி வைக்கின்றனர். வாரத்துக்கொருமுறை கால்பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை நீர் மாற்றினால் போதுமானது. பஞ்சில் அழுக்கு அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்து எடுத்த அந்தப் பழைய நீரிலேயே அலசிப் பிழிந்து மறுபடி வைக்க வேண்டும். கல்லையும் பஞ்சையும் ஒரே நாளில் கழுவலாகாது.

அம்மோனியாவின் கடுமை நீரின் காரத்தைப் பொறுத்தது என்பதும் கவனிக்கற்பாலது. 25 டிகிரி உஷ்ணத்தில், பி.எச். 7 ஆயின், உள்ள அம்மோனியாவில் நஞ்சான பகுதி நூற்றில் ஒன்றுக்கும் குறைவு, பி.எச். 8 ஆயின் நூற்றில் ஐந்து. 9 ஆயின் மூன்றிலொரு பங்குக்கு மேல். சுண்ணாம்பு மிகுந்த கிணற்று நீர் உள்ள ஊர்களில் மீன் எளிதில் மடிவதற்கு இது ஒரு காரணம். வெயிலில் வைத்துப் பாசி பிடித்த தொட்டியில் பிற்பகலில் பி.எச். உயர்வதும் இவ்வாறே தீங்கு செய்யும். பல மாதம் நீர் மாற்றாமல் புளித்துப்போன தொட்டியை ஒரேயடியாக மாற்றுவது இன்னும் அபாயம். அதுவரை தீங்கின்றிக் கிடந்த அம்மோனியா முழுவதும் ஒரு மணி நேரத்தில் நஞ்சாகிவிடக்கூடும். அத்தகைய தொட்டியில் தினம் பத்திலொரு பங்காகவே மாற்றி வரவேண்டும்.

இரை

தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது; உண்டது நேரே குடலுக்குச் செல்கிறது. ஆகையால் சிறிது சிறிதாக, தினம் இருமுறை, இரண்டு நிமிஷத்தில் தின்று தீரும் அளவே இடவேண்டும். ஆள் நிழல் கண்டவுடன் மேலே வந்து வாய் திறப்பது இதன் சுபாவம்; அதைப் பசியென்று கொள்ளலாகாது. சோறு, ரொட்டி, பொரி முதலியவை நீரைக் கெடுப்பன. தோல் நீக்கி வேகவைத்த பச்சைப் பட்டாணியும், மாட்டுக்காக வளர்க்கும் அசோலாவை நன்கு அலசிச் சிறிதளவும் கொடுக்கலாம். உருண்டை உடல் வகைகள் மிதக்கும் இரையுடன் காற்றையும் விழுங்கித் தலைகீழாக மிதப்பதுண்டு. அவற்றுக்கு இரையை ஊறவைத்து இடுக. வெளியூர் செல்வோர் நாலைந்து நாள் இரையிடாமல் விட்டுச் செல்வதனால் வளர்ந்த மீனுக்கு ஹானியில்லை. அண்டை வீட்டாரிடம் டப்பாவை ஒப்படைத்துச் செல்வதே ஆபத்து.

கோடையும் மருந்து தெளிக்கும் காலமும்

தங்கமீன் குளிர்ச்சியை விரும்புவது. 18 முதல் 24 டிகிரி செண்டிகிரேடு அதற்கு உவப்பு. நீர் சூடேற ஏற அது கொள்ளும் பிராணவாயு குறைகிறது. 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கொள்ளும் நீர் 35 டிகிரியில் சுமார் 7 மில்லிகிராமே கொள்ளும்; மீனுக்கோ அப்போது அதிகம் வேண்டியிருக்கும். சித்திரை, வைகாசியில் மின்சாரம் நின்று காற்றுக்குழாயும் நின்றால், ஒரு சொம்பினால் நீரை மொண்டு ஓரடி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருப்பது நல்ல உபாயம். மின்கலத்தால் ஓடும் சிறு பம்பு வைத்திருப்பது அதனினும் நன்று. பனிக்கட்டி போடுவது கூடாது.

விவசாயிகள் வீட்டுத் தங்கமீனுக்குப் பட்டணத்து மீனுக்கில்லாத ஓர் அபாயம் உண்டு. சைபர்மெத்ரின் முதலிய பைரித்ராய்டு மருந்துகள் மிக நுண்ணிய அளவிலேயே மீனைக் கொல்வன. வயலில் மருந்து தெளித்து வந்த கையைத் தொட்டியில் விடுவதும், மருந்து கலக்கிய வாளியால் நீர் ஊற்றுவதும், அதை எவ்வளவு கழுவியிருப்பினும், மீனைக் கொல்லக்கூடும். தொட்டிக்கென்று ஒரு வாளியைத் தனியே வைத்து வேறெதற்கும் எடாதிருக்க வேண்டும். வீட்டினுள் கொசுமருந்து தெளிக்கும்போது காற்றுப் பம்பை நிறுத்தித் தொட்டியை மூடுக. பம்பு அறைக்காற்றையே உள்ளிழுத்து நீரில் செலுத்துகிறதன்றோ?

நோய்

மீன் மேற்பரப்பில் வந்து வாயால் காற்றைக் குடித்தால், மருந்து தேடுமுன் நீரில் மூன்றிலொரு பங்கை மாற்றுக. பல தடவை அதுவே சிகிச்சையாகிவிடும். உடலிலும் துடுப்பிலும் ரவை தூவினாற்போல வெண்புள்ளி தோன்றி, மீன் கல்லில் உராய்ந்தால் அது ஒட்டுயிர் நோய். லிட்டருக்கு 3 கிராம் கல்லுப்பை மூன்று பங்காக்கி, ஒன்றரை நாளில் சிறுகச் சிறுகக் கரைத்து, பத்து நாள் வைத்திருக்க வேண்டும். தோலில் புதைந்துள்ள கிருமியை உப்பு தொடாது. அது வெளிப்பட்டு நீந்தும்போதுதான் அழியுமாகையால், புள்ளி மறைந்தவுடன் நிறுத்தலாகாது. ஆனால் செவுள் மூடியிலும் முன்துடுப்பின் விளிம்பிலும் மாத்திரம் ஒழுங்காக வெண்பருக்கள் இருப்பின் அது நோயன்று. இனப்பெருக்கப் பருவத்து ஆண்மீனின் அடையாளம். இதற்கு மருந்திட்டு நல்ல மீனைக் கெடுப்பவர் உண்டு. புதிதாக வாங்கிய மீனை இரண்டு மூன்று வாரம் தனிப் பாத்திரத்தில் வைத்துப் பார்த்த பின்னரே மற்றவற்றுடன் சேர்க்க வேண்டும்.

வேண்டாத மீன்

இறுதியாகக் கூறுவது கிராம அதிகாரிகளும் ஏரிக் குத்தகைதாரரும் கருதத்தக்கது. மீன் பெருத்துவிட்டதென்றோ, குழந்தைகளுக்கு அலுத்துவிட்டதென்றோ, புண்ணியமென்று எண்ணியோ, தங்கமீனை ஊர்க்குளத்திலும் ஏரியிலும் விட்டுவிடுவதுண்டு. தங்கமீன் அடிச்சேற்றைக் கிளறி நீரைக் கலக்குவது; இடம் கிடைத்தால் வெகுவாகப் பெருகுவது. அமெரிக்காவில் மின்னசோட்டா மாகாணத்திலுள்ள பர்ன்ஸ்வில் என்னும் ஊரார், இவ்வாறு விடப்பட்டு ஓரடி அளவுக்கு வளர்ந்த தங்கமீன்களைத் தங்கள் ஏரியிலிருந்து அகற்ற நேர்ந்து, இனி யாரும் விடவேண்டாமென்று 2021-இல் விளம்பரம் செய்தனர். நமக்கு இதனினும் கவலைக்குரியது நோய். நங்கூரப்புழுவும் மீன்பேனும் தங்கமீனின் உடலில் ஒட்டிக்கொண்டு ஏரிக்குள் சென்றால், அதே கெண்டை இனத்தவையான கட்லாவையும் ரோகுவையும் பற்றும். குத்தகைத் தொகை செலுத்திக் குஞ்சு விட்டவருக்கு நேரும் நஷ்டத்தை ஒரு மீனை விட்டவர் அறியவும் மாட்டார். வேண்டாத மீனை வாங்கிய கடையிலே திருப்பிக் கொடுக்கலாம். தொட்டி வைத்திருக்கும் வேறொருவருக்குக் கொடுக்கலாம். இறந்ததை வாய்க்காலில் எறியாமல் மண்ணில் புதைத்துவிடவேண்டும்.

வாரந்தோறும் எடுக்கும் கால்பங்கு நீரையும் வாய்க்காலில் விடாமல் வாழைக்கோ கறிவேப்பிலைக்கோ ஊற்றுக; அதில் நைட்ரேட் உண்டு. உப்போ மருந்தோ கரைத்திருந்த நீரை மாத்திரம் எந்தச் செடிக்கும் ஊற்றாமல், வாய்க்காலுக்கும் கிணற்றுக்கும் எட்டத் தரிசு நிலத்தில் கொட்டிவிடுக.