உயிர்த்த ஞாயிறு நமக்குச் சொல்வது என்ன?



பெரிய வெள்ளிக்கிழமை நமது கோவில்களில் நிற்க இடம் இருக்காது. சிலுவைப் பாதைக்கும் சிலுவையை முத்தி செய்யவும் பெரியவர், சின்னவர், கைப்பிள்ளைக்காரர் எல்லோரும் வருவார்கள். அடுத்த நாள் இராத்திரி பாஸ்கா திருவிழிப்புக்குப் பாதிக் கூட்டம் கூட இருக்காது. "பனி ஐயா, பாதை இருட்டு, பிள்ளைங்க தூங்கிடும்" என்பார்கள். அதுவும் நியாயம்தான். ஆனால் இன்னொரு காரணமும் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அழுகை நமக்குத் தெரிந்த விசயம். உயிர்ப்பு என்றால் என்ன என்பது அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை.

போன வருசம் பாஸ்கா காலத்தில் ஒரு லயத்து வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த வீட்டுக்காரர் கவ்வாத்து வெட்டுகிற ஆள். மலையில் குளவி கொட்டி இறந்து அப்போது மூன்று வருசம். அவருடைய கத்தி இன்னும் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று நான், "அக்கா, கவ்வாத்து வெட்டின செடி திரும்பத் துளிர்க்கிறது இல்லையா, உயிர்ப்பும் அப்படித்தான்" என்றேன். அந்த அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கவ்வாத்து வெட்டுன செடி சாகலீங்களே ஐயா. செத்த செடியை எங்க வீட்டுக்காரரு புடுங்கித்தான் போடுவாரு."

எனக்குப் பதில் வரவில்லை. கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். இந்தப் பாடம் அந்த அக்காவுக்கு நான் கொடுக்க வேண்டிய பதில். நமது தோட்டங்களில் உள்ள சைவக் குடும்பங்களும் வாசிக்கலாம். சாவு எல்லா லயத்துக்கும் வருகிறதுதானே.

பாஸ்கா என்பது என்ன?

முதலில் ஒரு சொல் விளக்கம். யாழ்ப்பாணத்தில் தவக்காலம் வந்தால் 'பாஸ்கு' போடுவார்கள். அது இயேசுவின் பாடுகளை நடித்துக் காட்டும் நாடகம். 1965இல் மரியசேவியர் அடிகளார் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் அந்தக் கலையைப் பெரிய மேடைகளுக்குக் கொண்டு போனது. 'பாஸ்கா' என்பது உயிர்ப்புப் பெருவிழா. எபிரேயச் சொல்லில் இருந்து வந்தது, 'கடந்து போதல்' என்று பொருள் சொல்வார்கள். எகிப்து நாட்டில் அடிமைகளாக வேலை செய்த இஸ்ராயேல் மக்கள் விடுதலையாகி வெளியேறியதை நினைக்கும் திருவிழா அது. அந்தத் திருவிழாக் காலத்தில்தான் இயேசு சிலுவையில் அறையப்பட்டார். வெள்ளி ஒன்று, சனி இரண்டு, ஞாயிறு மூன்று. மூன்றாம் நாள் உயிர்த்தார் என்பது கத்தோலிக்க விசுவாசம்.

"நத்தார் மட்டும் ஒரே தேதியில் வருகிறது, ஈஸ்டர் ஏன் மாறி மாறி வருகிறது?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். மார்ச் 21ஆம் தேதியோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறுதான் உயிர்த்த ஞாயிறு. அதனால் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் எந்த ஞாயிறாகவும் இருக்கலாம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. தவக்காலம் 40 நாள். பாஸ்கா காலம் பரிசுத்த ஆவியின் திருவிழா வரை 50 நாள். துக்கத்துக்கு ஒதுக்கியதைவிட மகிழ்ச்சிக்குத் திருச்சபை பத்து நாள் கூடக் கொடுத்திருக்கிறது.

துளிர்ப்பது வேறு, உயிர்ப்பது வேறு

அந்த அக்கா சொன்னது சரி. கவ்வாத்துக்குப் பிறகு செடி வெறும் குச்சியாக நிற்கும். ஆனால் அடியில் வேர் உயிரோடு இருக்கிறது. வேரில் சேர்த்து வைத்த சத்தில்தான் புதுத் துளிர் வருகிறது. இயேசுவோ பாதி சாகவில்லை, மயங்கிக் கிடக்கவும் இல்லை. செத்தார், அடக்கம் செய்தார்கள், கல்லை வைத்து மூடினார்கள். அவருக்குள் துளிர்க்க மிச்சம் ஒன்றும் இருக்கவில்லை.

லாசரை இயேசு எழுப்பினாரே என்பீர்கள். லாசர் பழைய வாழ்வுக்குத்தான் திரும்பி வந்தார். பிறகு ஒரு நாள் மற்ற மனிதரைப் போல அவரும் இறந்தார். இயேசு அப்படித் திரும்பி வரவில்லை. சாவைக் கடந்து, இனிச் சாவே இல்லாத வாழ்வுக்குப் போனார் என்று திருச்சபை படிப்பிக்கிறது.

இதற்கு ஒரு உவமை வேண்டும் என்றால் நான் பிறந்த ஊருக்குத்தான் போக வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் சண்டைக் காலத்தில் ஷெல் பட்டுத் தலை அறுந்த பனைகள் வரிசை வரிசையாக நின்றன. நாங்கள் இடம்பெயர்ந்து திரும்பிப் போன போது எங்கள் வளவிலும் அப்படி நின்றன. சிறுபிள்ளைப் புத்தியில் நான் அம்மம்மாவிடம் "எப்ப துளிர்க்கும்?" என்று கேட்டேன். "உது இனித் துளிர்க்காது மோனை. பனைக்கு உயிர் தலையில" என்றா. உண்மைதான். பனைக்குக் குருத்து ஒன்றே ஒன்று. அது போனால் பக்கக் கிளை விடாது, மரம் பட்டுப் போகும்.

உயிர்ப்பு என்பது அந்த மொட்டைப் பனைக்குச் சொல்லப்பட்ட செய்தி. உள்ளே மிச்சம் இருக்கிறவன் தன் பலத்தில் எழும்புவது அல்ல அது. ஒன்றும் மிச்சம் இல்லாத இடத்தில் கடவுள் கொடுக்கிற உயிர்.

பாஸ்கா பூசை இல்லாத முப்பது வருசம்

இதை நம்பி வாழ்ந்த மக்கள் எங்கள் ஊரிலேயே இருந்தார்கள். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தினார்கள், கோவில்களை எடுத்துக் கொண்டார்கள், கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தார்கள். ஏறக்குறைய 30 வருசம் அந்த மக்கள் தங்களுக்கென்று ஒரு குரு இல்லாமல் இருந்தார்கள். அந்த வருசம் பிறந்த பிள்ளை வளர்ந்து, கலியாணம் கட்டி, பிள்ளை பெற்றும் ஒரு பாஸ்கா பூசையைக் கண்டிருக்காது. தலை அறுந்த பனைதான்.

1687இல் கோவாவில் இருந்து யோசப் வாஸ் என்ற குருவானவர் வந்தார். கூலியாளின் உடுப்பில், பிச்சை எடுத்து, கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகப் போனார். செபமாலையைக் கண்டு யார் முகம் மாறுகிறது என்று பார்த்துத்தான் கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தார். சில்லாலைக் கிராமம் அவருக்கு இடம் கொடுத்தது. இராத்திரியில் ஒளிந்து பூசை நடந்தது.

அவர் அதோடு நிற்கவில்லை. நம்ம மலைநாட்டுக்கும் வந்தார். 1692இல் கண்டியில் ஒற்றன் என்று சந்தேகப்பட்டு அவரைச் சிறை வைத்தார்கள். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவி, நோயாளிகளைச் சொந்தக்காரரே கைவிட்ட போது அவர் தூக்கி வைத்துப் பார்த்தார், செத்தவர்களை அடக்கம் செய்தார். 1711 ஜனவரி 16ஆம் தேதி கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரி 14ஆம் தேதி பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத் திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார்.

திருச்சபை திரும்பத் தழைத்ததும் இயேசுவின் உயிர்ப்பும் ஒன்றல்ல. ஆனால் உயிர்ப்பை நம்புகிறவர்கள் எப்படிக் காத்திருப்பார்கள், எப்படி நடப்பார்கள் என்பதற்கு அது சாட்சி.

காயங்கள் மறையவில்லை

உயிர்த்த இயேசு சீடர்களுக்குத் தோன்றிய போது கையிலும் விலாவிலும் காயத் தழும்பைக் காட்டினார். நம்ப மறுத்த தோமையாரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சாவை வென்றவருக்கு அந்தத் தழும்பை மறைப்பது பெரிய வேலையா? மறைக்கவில்லை. பாஸ்கா திரியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். சிலுவை அடையாளத்தில் ஐந்து சாம்பிராணி மணிகள் பதித்திருக்கும். அவை அந்த ஐந்து காயங்கள். வெளிச்சம் தருகிற திரியிலேயே காயமும் இருக்கிறது.

1995 ஜூலை 9ஆம் தேதி நவாலி புனித பேதுரு கோவிலிலும் பக்கத்து முருகன் கோவிலிலும் இடம்பெயர்ந்து வந்த சனங்கள் தங்கியிருந்த போது விமானக் குண்டு விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கத்தோலிக்கர், சைவர் என்று குண்டு பிரித்துப் பார்க்கவில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையிலேயே கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு கோவில்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டு வெடித்து 260க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கட்டுவாப்பிட்டியில் உயிர்த்த ஆண்டவர் சுரூபத்தில் இரத்தம் தெறித்திருந்த படத்தை உலகமே பார்த்தது.

இந்த ஊர்களில் உயிர்த்த ஞாயிறு நின்று போகவில்லை. செத்தவர்களை மறக்கவும் இல்லை. இரண்டையும் சேர்த்தே பிடித்திருக்கிறார்கள். "ஈஸ்டர் வந்துவிட்டது, இனி அழாதே" என்று யாருக்கும் சொல்ல வேண்டாம். லாசருடைய கல்லறையில் இயேசுவே கண்ணீர் விட்டார்.

அக்காவுக்குப் பதில்

உயிர்ப்பின் செய்தி முதலில் யாருக்குக் கிடைத்தது? விடியப் புறப்பட்ட பெண்களுக்கு. கல்லை யார் புரட்டித் தருவார் என்ற கவலையோடு நடந்தவர்கள் அவர்கள். விடியற்காலை பெரட்டுக்கு நடக்கிற நம்ம பெண்களுக்கு அந்த நடை தெரியும். கல்லறைக்கு முன் அழுது நின்ற மகதலா மரியா இயேசுவைத் தோட்டக்காரர் என்றே நினைத்தார். அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் அடையாளம் தெரிந்தது.

இந்த வருசம் அந்த வீட்டுக்குத் திரும்பப் போனேன். "அக்கா, நீங்க சொன்னது சரி. செடி உவமை தப்பு" என்று தொடங்கினேன். உங்க வீட்டுக்காரர் இந்தச் சித்திரையில் எழும்பி வருவார் என்று திருச்சபை சொல்லவில்லை. இயேசு முதலில் எழுந்தார், கடைசி நாளில் நாமும் எழும்புவோம் என்று சொல்கிறது. ஆவி மட்டுமல்ல, உடலும் எழும்பும் என்று ஒவ்வொரு ஞாயிறும் விசுவாசப் பிரமாணத்தில் சொல்கிறோம். அதுவரை அவர் கடவுள் கையில் இருக்கிறார், நாம் அவருக்காகச் செபிக்கிறோம் என்றேன்.

அந்த அக்கா கத்தி தொங்குகிற பக்கம் பார்த்தார்.

"அப்ப அந்தக் கையும் வருமா ஐயா? காய்ச்சுப் போன கை."

"அந்தக் கையும்தான் அக்கா. தழும்போட."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ராத்திரிப் பூசைக்கு வாரேன். சின்னவனை யாராச்சும் தூக்கிக்கிட்டு வரணும்" என்றார். நான் தூக்கிக்கொண்டு போனேன். கோவில் விளக்கெல்லாம் அணைத்து, புது நெருப்பில் பாஸ்கா திரியைக் கொளுத்தி, அதிலிருந்து ஒவ்வொருவர் கைத் திரிக்கும் வெளிச்சம் வந்த போது சின்னவன் முழித்துக்கொண்டான்.

வீட்டில் பேசிப் பார்க்க

1. கவ்வாத்துச் செடிக்கும் மொட்டைப் பனைக்கும் என்ன வித்தியாசம்? பிள்ளைகளைச் சொல்ல வையுங்கள்.

2. உங்கள் லயத்தில் இந்த வருசம் சாவு நடந்த வீடு எது? உயிர்த்த ஞாயிறு அன்று வெறுங்கையோடு போகாமல் ஒரு நேரச் சாப்பாட்டோடு போங்கள். புத்திமதி சொல்ல வேண்டாம், கூட இருந்தால் போதும்.

3. இருட்டில் கோவிலுக்கு வரப் பயப்படுகிறவர்கள் யார்? இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து ஒரு டோர்ச் லைட்டோடு புறப்படுங்கள்.

எல்லோருக்கும் உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துக்கள்.